பந்தா, தண்ணீரா, துவைத்தது எது?

கேள்வி: சலவைத்தூளுக்கு முழுக்குப் போடலாம் என்று ஒரு துவைக்கும் பந்து வாங்கினேன். பிளாஸ்டிக் கூட்டுக்குள் குட்டிக் குட்டி உருண்டைகள், வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று அட்டையில் போட்டிருந்தது. முதல் இரண்டு வாரம் துணி நன்றாகவே வந்தது. இப்போது சட்டைக் காலர் மஞ்சளடிக்கிறது, துண்டில் ஒரு வாடை. வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நான்தான் ஏதாவது தப்பாகச் செய்கிறேனா?

பதில்: தப்பு உங்கள் மேல் இல்லை. முதல் இரண்டு வாரம் துணி நன்றாக வந்ததற்கு அந்தப் பந்துதான் காரணமா என்பதே சந்தேகம். ஒருநாள் உடுத்திக் கழற்றிப் போடும் துணியில் இருப்பது வியர்வை உப்பு, தூசி, இப்படித் தண்ணீரிலேயே கரைந்தோ உதிர்ந்தோ போகிற சமாச்சாரங்கள்தான் நிறைய, அதை மெஷினில் போட்டு அரை மணி நேரம் புரட்டினாலே துணி பார்க்கச் சுத்தமாக ஆகிவிடும். போதாததற்கு, பழைய துணியின் இழைகளுக்குள் முன்பு போட்ட சலவைத்தூள் கொஞ்சம் தங்கியிருக்கும், முதல் சில சலவைகளில் அதுவும் கரைந்து வந்து வேலை பார்க்கும். அது தீர்ந்ததும்தான் உண்மை தெரிகிறது. தண்ணீரால் எடுக்க முடியாதது எண்ணெய்ப் பிசுக்கு. காலரில் மஞ்சளாகப் படிவது கழுத்துத் தோலின் எண்ணெய்தான். சோப்போ டிடர்ஜென்ட்டோ போட்டால் அதன் மூலக்கூறு ஒரு முனையால் எண்ணெயைப் பிடித்துக்கொண்டு மறு முனையால் தண்ணீரோடு போய்விடும். பந்துக்குள் இருக்கும் வெறும் களிமண் உருண்டைக்கு அப்படி இரண்டு முனை கிடையாது.

ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1959-ல் துவைக்கும் வேலையை நான்கு காரணிகளாகப் பிரித்துச் சொன்னார்: ரசாயனம், அடித்துப் புரட்டுவது, சூடு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றதில் எதையாவது கூட்டித்தான் ஆக வேண்டும். பந்தோடு வரும் குறிப்புத்தாளை எடுத்துப் படித்துப் பாருங்கள். வெந்நீர் பயன்படுத்து, நேரத்தைக் கூட்டு, கறையை முன்கூட்டியே சோப்புப் போட்டுத் தேய்த்து வை என்றெல்லாம் இருந்தால், துவைப்பது யார் என்று உங்களுக்கே புரிந்துவிடும்! இது புதுச் சரக்கும் இல்லை. இந்த மாதிரிப் பந்து ஒன்று வெறும் தண்ணீரைவிடப் பெரிதாக எதுவும் செய்யவில்லை என்று அமெரிக்காவில் வியாபார மோசடிகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 1999-லேயே விற்றவர்கள் மேல் நடவடிக்கை எடுத்திருக்கிறது.

எல்லாப் பந்தும் ஒரே ரகம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலவற்றில் டிடர்ஜென்ட்டையே கெட்டியான குண்டுகளாக்கி உள்ளே வைத்திருப்பார்கள், அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், தீர்ந்ததும் மறுபடி நிரப்ப வேண்டும். இது ஓரளவு வேலை செய்யும், ஆனால் டிடர்ஜென்ட்டுக்கு மாற்று என்று சொல்லக்கூடாது, கஞ்சத்தனமாக அளந்து போடும் டிடர்ஜென்ட் என்று வேண்டுமானால் சொல்லலாம். இன்னொரு ரகத்தில் மெக்னீசியம் உலோகக் குண்டுகள் இருக்கும். மெக்னீசியம் தண்ணீரோடு மெதுவாக வினைபுரிந்து தண்ணீரைக் காரத்தன்மையாக்கும் என்பது வேதியியல்படி சரிதான். ஆனால் ஒரு மெஷின் தண்ணீருக்கும் ஒரு சலவை நேரத்துக்கும் அந்த வேகம் ரொம்பக் கம்மி. தவிர, தண்ணீரைக் கடினநீராக்கி சோப்பை நுரைக்கவிடாமல் செய்வதே கால்சியமும் மெக்னீசியமும்தான், அதில் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி உள்ளே போடுகிறோம்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். பழைய வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றை மூன்றாகக் கிழித்து, மூன்றிலும் ஒரே அளவு சமையல் எண்ணெயும் கொஞ்சம் மண்ணும் தேய்த்து ஒருநாள் காயவிடுங்கள். ஒன்றை வெறும் தண்ணீரில், ஒன்றைப் பந்தோடு, ஒன்றைச் சலவைத்தூளோடு, ஒரே சூட்டில் ஒரே நேரம் துவையுங்கள். பந்து வாங்கும் எல்லோரும் விட்டுவிடுவது அந்த முதல் துண்டைத்தான். அழுக்குத் துணியையும் துவைத்த துணியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து அசந்துபோகிறோம், வெறும் தண்ணீரில் துவைத்ததோடு யாரும் ஒப்பிடுவதில்லை.

கேள்வி: அப்படியானால் பூந்திக்கொட்டையும் ஏமாற்றுதானா?

பதில்: இல்லை, அது நிஜமாகவே அழுக்கெடுக்கும். அதன் தோலில் சபோனின் இருக்கிறது, நான் சொன்ன அந்த இரண்டு முனை வேலையை அது செய்யும். கொட்டையை நீக்கிவிட்டுத் தோலை மட்டும் ஐந்தாறு எடுத்துச் சின்னப் பருத்திப் பையில் இறுக்கிக் கட்டித் துணியோடு போடுங்கள். மூன்று நான்கு சலவைக்கு வரும். பையைத் தண்ணீரில் பிசைந்தால் நுரை வராமல் தோல் மெலிந்து கொழகொழவென்று ஆகிவிட்டால் உரக்குழியில் போட்டுவிடலாம். குளிர்ந்த தண்ணீரில் சாறு சரியாக இறங்காது, அதனால் தனியாகக் கொதிக்கவைத்து வடிகட்டி ஊற்றுவது நல்லது, ஆனால் அந்தச் சாறு சில நாளில் புளித்துப்போகும், குளிர்பெட்டியில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். கண்ணில் பட்டால் எரியும், ஜாக்கிரதை.

பட்டுக்கும் கம்பளிக்கும் இது அருமை. வெள்ளைத் துணிக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள். சலவைத்தூளில் வரும் பளிச் வெள்ளையில் பாதி கண்கட்டு வித்தை: கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பிவிடும் பொருள் ஒன்றைத் துணியில் ஏற்றிவிடுகிறார்கள். பூந்திக்கொட்டையில் அது இல்லை, வெளுக்கும் பொருளும் இல்லை, ரத்தக்கறை போன்ற புரதக் கறையைச் சிதைக்கும் நொதியும் இல்லை. வெள்ளை மங்குவது உறுத்தினால் எப்போதாவது சோடியம் பெர்கார்பனேட் என்ற வெளுக்கும் தூளைப் போட்ட வெந்நீரில் ஊறவையுங்கள். பட்டு, கம்பளியில் மட்டும் அதைப் போடாதீர்கள்.

கேள்வி: வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்துப் போட்டால் பொங்கிப் பொங்கி அழுக்கெடுக்குமாமே?

பதில்: பொங்கும். அதோடு சரி. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு மிஞ்சுவது லேசான உப்புத் தண்ணீர். தனித்தனியாகப் போட்டால் ஏதோ கொஞ்சம் பலன் உண்டு. வினிகரைக் குளோரின் பிளீச்சோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், நச்சுவாயு வரும்.

கேள்வி: மண்ணுக்கும் தண்ணீருக்கும் கெடுதல் இல்லாமல் துவைக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. எதைத்தான் வாங்குவது?

பதில்: முதலில் எதையும் வாங்காமல், இருக்கிற தூளின் அளவைக் குறைத்துப் பாருங்கள். கண் அளவில் கொட்டுகிறவர்கள் பலரும் தேவைக்கு அதிகமாகத்தான் கொட்டுகிறோம், நானும்தான். அட்டையில் குறைந்த அழுக்குக்கு என்று போட்டிருக்கும் அளவே தினசரித் துணிக்குப் போதும். மெஷின் தண்ணீரைச் சூடாக்குகிறது என்றால் மின்சாரத்தில் பெரும்பகுதி அதற்கே போகிறது, ஆகவே சாதாரணத் துணிக்குக் குளிர்ந்த தண்ணீர். பாஸ்பேட் இல்லாத தூளாகப் பாருங்கள், நீர்நிலையில் பாசி மண்டுவதற்கு பாஸ்பேட்டும் ஒரு காரணம். ஒருமுறை போட்ட துணியெல்லாம் அழுக்குத் துணி இல்லை, வெயிலில் காற்றாட விட்டால் இன்னொரு நாளைக்கு வரும். பாலியஸ்டர் துணி ஒவ்வொரு சலவையிலும் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகளை உதிர்க்கும், அதைக் குறைவாகத் துவைத்தால் அந்த அளவுக்கு லாபம். என்ன, வியர்வையின் எண்ணெயைப் பருத்தியைவிட அதிகமாகப் பிடித்துவைத்துக்கொண்டு முதலில் நாற்றமடிப்பதும் அதே பாலியஸ்டர்தான்.

பூந்திக்கொட்டைக்கு மாறினாலும் துவைத்த தண்ணீரைக் குளத்திலோ மீன் தொட்டியிலோ விட்டுவிடாதீர்கள். இயற்கைப் பொருள்தானே என்று நினைப்போம், ஆனால் சபோனின் மீனுக்கு நஞ்சு.