கேள்வி பதில்: பெல்லி டான்ஸ் ஆடச் சப்பாத்தா, வெறுங்காலா?

கேள்வி (ஹட்டன்): மிஸ், வெறுங்காலோடு ஆடுவதுதான் மரபு என்கிறார்கள். சப்பாத்து போட்டால் பிழையா?

பதில்: பிழையே இல்லை. எகிப்தின் கெய்ரோவில் 1926இல் ஆட்டக்காரி பதியா மசப்னி திறந்த இரவு விடுதியில்தான் இந்த ஆட்டத்தின் மேடை வடிவம் பெரிதும் உருவானது. அங்கே ஆடி வளர்ந்த சாமியா கமால், தஹியா கரியோக்கா காலத்து எகிப்தியப் படங்களில் வெறுங்காலும் உண்டு, குதி உயர்ந்த செருப்பும் உண்டு. மரபைவிட நீங்கள் நிற்கும் தரையை முதலில் பாருங்கள். காலுக்கு என்ன வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

கேள்வி (மஸ்கெலியா): எங்கள் தோட்ட மண்டபத்தில் சிவப்பு பொலிஷ் போட்ட சீமெந்துத் தரை. சுற்றும்போது வழுக்குகிறது. சொக்ஸ் போட்டால் இன்னும் மோசம்.

பதில்: வழுக்குவது பொலிஷில் உள்ள மெழுகு. அதன்மேல் சொக்ஸ் போட்டால் கால் நிற்கவே நிற்காது. ஆடும் இடத்தை மட்டும் சுடுதண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் கலந்து இரண்டு தரம் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பவுடர் தூவவே வேண்டாம், ஆள் விழுந்துவிடும்.

பிறகு ஒரு சோதனை. ஒரு காலின் முன்பாதத்தில் நின்று மெதுவாக அரைவட்டம் திரும்புங்கள். ஊன்றிய கால் இடம்விட்டு நகர்ந்தால் தரை இன்னும் வழுக்கல். பாதம் ஒட்டிக்கொண்டு முழங்கால் முறுகினால் பிடிப்பு அதிகம், அது வழுக்கலைவிட ஆபத்து. யோகா பாயில் சுற்றக்கூடாது என்பதும் இதனால்தான்.

இன்னொன்று: ஆடத் தொடங்குமுன் தரையை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். இடுப்புப் பட்டியிலிருந்து உதிர்ந்த மணி, ஊசி, வளையல் துண்டு கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும்.

கேள்வி (பதுளை): நான் பத்து வருடம் பரதம் பழகியவள். பாதத்தோல் நல்ல தடிப்பு. ஆனாலும் இதில் முன்பாதம் உரிகிறதே, ஏன்?

பதில்: பரதத்தின் தட்டடவில் பாதம் மேலிருந்து நேராக இறங்குகிறது, தோல் அந்த அழுத்தத்துக்குப் பழகியிருக்கிறது. இங்கே முன்பாதத்தை ஊன்றியபடியே திரும்புகிறீர்கள். தோல் பக்கவாட்டில் இழுபடும்போது தடித்த காய்ப்புதான் முதலில் விளிம்பில் கிழிகிறது. குளித்தபின் கால் தேய்க்கும் கல்லால் காய்ப்பை மெல்லத் தேய்த்துச் சமப்படுத்துங்கள், பிளேட்டால் சீவாதீர்கள். உரிந்த இடம் ஆறும்வரை சுற்றுவதை விட்டு இடுப்பு, மார்பு அசைவுகளைப் பழகுங்கள். முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டிப் பழக்கத்தில் பாதம் வெளியே திரும்புகிறதா என்றும் பாருங்கள். இந்த ஆட்டத்தில் இரு பாதமும் இடுப்புக்குக் கீழே நேராக முன்னோக்கி நிற்கும்.

சுற்று அதிகமுள்ள ஆட்டத்துக்கு அரைப்பாத உறை போடுங்கள். வீட்டிலேயே தைக்கலாம். பாதத்தைத் தாளில் வரைந்து, விரல்களின் அடியிலிருந்து உள்வளைவு தொடங்கும் இடம்வரை வெட்டுங்கள், ஏறத்தாழ 7 அல்லது 8 சென்ரிமீற்றர் வரும். பழைய தோல் கைப்பைத் துண்டு போதும், ரெக்சின் வேண்டாம், வியர்வையில் ஒட்டும். தோலின் சொரசொரப்பான பக்கம் தரையைப் பார்க்கட்டும். 1 சென்ரிமீற்றர் அகல எலாஸ்டிக்கில் ஒன்று பெருவிரலுக்கு, ஒன்று சின்னவிரலுக்கு, ஒன்று புறங்காலின் குறுக்கே. குறுக்கே வருவதை அளவைவிட 1 சென்ரிமீற்றர் குறைத்து வெட்டினால்தான் உறை நழுவாது. நூல் முடிச்சு பாதத்துக்கு அடியில் வந்தால் கொப்புளம் போடும், ஓரத்தில் போடுங்கள்.

கேள்வி (நுவரெலியா): காலையில் வகுப்பு. டைல்ஸ் தரையில் கால் மரத்துப்போகிறது.

பதில்: 1,868 மீற்றர் உயரத்தில் அது நடக்கத்தான் செய்யும். மரத்த காலுக்குக் குத்தினாலும் தெரியாது, ஆகவே குளிரோடு ஷிமியை, அதாவது உடலை வேகமாக அதிரவைக்கும் அசைவை, தொடங்காதீர்கள். பழைய கம்பளி சொக்ஸில் விரல் பக்கத்தையும் குதிகால் பக்கத்தையும் வெட்டிவிட்டுப் போடுங்கள். கணுக்காலும் உள்வளைவும் சூடாக இருக்கும், தரையைப் பிடிக்க வேண்டிய இடங்கள் வெறுமையாக இருக்கும். பத்து நிமிடம் சப்பாத்தோடு நடந்து, குதிகாலை 20 தரம் உயர்த்தி இறக்கி, பிறகு கழற்றுங்கள். உள்ளங்காலில் சித்தாலேப களிம்பு பூசிக்கொண்டு ஆடாதீர்கள், வழுக்கும்.

கேள்வி (பண்டாரவளை): ஹோட்டல் வரவேற்பில் ஆடப்போகிறேன், கார்ப்பெட் தரை. குதி உயர்ந்த செருப்பு சரியா?

பதில்: கார்ப்பெட்டில் வெறுங்காலோடு சுற்றினால் தோல் சூடுபட்டதுபோல் உரியும். அடிப்பாகம் வழுவழுப்பான தோல் செருப்பு நல்லது, சொரசொரப்பான ஸ்வேட் தோல் அடி ஒட்டும். முழுச் சுற்றை மூன்று எட்டு எடுத்துவைத்து நடந்து திரும்புங்கள்.

குதி 5 சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம். அகலமான குதி, கணுக்காலில் வார் கட்டாயம். குதி ஏறினால் இடுப்பின் பின்வளைவு கூடி முதுகு வலிக்கும், முழங்காலைத் தளர்த்தி வாலெலும்பைக் கீழ்நோக்கி விடுங்கள். குதிகால் ஏற்கெனவே உயர்ந்திருப்பதால் இடுப்பை உயர்த்தும் அசைவும் சிறிதாகும், அதற்கேற்ப மாற்றிப் பழகுங்கள். பாவாடையின் விளிம்பை அந்தச் செருப்போடு நின்று அளந்து தையுங்கள், தரையிலிருந்து 2, 3 சென்ரிமீற்றர் மேலே நிற்கட்டும். கொலுசைக் கழற்றிவிடுங்கள், ஷிஃபோனில் மாட்டும்.

கேள்வி (தலவாக்கலை): அம்மாவுக்குச் சீனி வருத்தம். என்னோடு ஆட ஆசைப்படுகிறார்.

பதில்: ஆடட்டும், ஆனால் வெறுங்காலோடு ஒருபோதும் வேண்டாம். உணர்வு குறைந்த பாதத்தில் காயம் தெரியாமலே புண்ணாகும். விரலை மூடும் கன்வஸ் பாலே சப்பாத்து, உள்ளே தையல் உறுத்தாத பருத்தி சொக்ஸ். ஆடி முடிந்ததும் நீங்களே அவருடைய உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். சிவப்போ கொப்புளமோ இருந்தால் அன்றே கிளினிக்கில் காட்டுங்கள்.

கேள்வி (ஹட்டன்): மழைக்காலத்தில் தோல் சப்பாத்து பூஞ்சணம் பிடிக்கிறது.

பதில்: உள்ளே பத்திரிகைத் தாளைத் திணித்து, ஈரம் ஏறியதும் மாற்றுங்கள். அடுப்போரம் வைத்தால் தோல் வெடிக்கும், நிழலில் காயட்டும். பொலித்தீன் பையில் கட்டாமல் துணிப்பையில் வையுங்கள்.