‘டி’ என்றால் வலஞ்சுழி என்று பொருள் இல்லை

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வேதியியல் புத்தகத்தில் குளுக்கோஸுக்கு ‘டி (+)’ என்றும் பிரக்டோஸுக்கு ‘டி (−)’ என்றும் இருக்கிறது. ‘டி’ வலப்பக்கம், கழித்தல் இடப்பக்கம் அல்லவா? அச்சுப்பிழையா?

பதில்: புத்தகம் சரிதான். உங்கள் சந்தேகமும் நியாயமானது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே இந்த இடத்தில் தடுமாறுவார்கள்.

கூட்டல், கழித்தல் குறிகள் சோதனைக்கூடத்தில் அளந்து கண்டவை. முனைவுற்ற ஒளியை, அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியை, சர்க்கரைக் கரைசல் வழியே செலுத்தினால் அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அவை சொல்கின்றன. ஒரே செறிவில், ஒரே நீளக் குழாயில், குளுக்கோஸ் ஏறத்தாழ 53 பாகை வலப்பக்கம் திருப்பினால் பிரக்டோஸ் 92 பாகை இடப்பக்கம் திருப்பும். குளுக்கோஸுக்கு டெக்ஸ்ட்ரோஸ் என்ற பெயர் வந்ததே இந்த வலஞ்சுழியால்தான்.

‘டி’ என்பது வடிவத்தைக் குறிக்கிறது. ஆல்டிஹைடு அல்லது கீட்டோன் முனை மேலே வரும்படி ஃபிஷர் முறையில், அதாவது கார்பன் சங்கிலியைச் செங்குத்தாக வைத்து, மூலக்கூறை வரையுங்கள். கீழ்க்கோடியில் உள்ள சீர்மையற்ற கார்பனை (நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்த கார்பனை) மட்டும் பாருங்கள். இந்த இரண்டு சர்க்கரைகளிலும் அது ஐந்தாம் கார்பன். அதிலுள்ள ஹைட்ராக்சில் (OH) தொகுதி வலப்பக்கம் இருந்தால் ‘டி’, இடப்பக்கம் இருந்தால் ‘எல்’. மூன்றாம், நான்காம் கார்பன்களின் அமைப்பும்கூட இரண்டிலும் ஒன்றுதான்! ஆனாலும் ஒளியைத் திருப்புவது முழு மூலக்கூறின் வேலை என்பதால் விளைவு நேர்மாறாகிவிடுகிறது.

குழப்பத்தின் வேர் கிளிசரால்டிஹைடில் இருக்கிறது. ஒரே ஒரு சீர்மையற்ற கார்பன் கொண்ட சின்னஞ்சிறு சர்க்கரை அது. அதன் வலஞ்சுழி வடிவத்தில் ஹைட்ராக்சில் வலப்பக்கம் இருப்பதாக வரைந்து ‘டி’ என்றார்கள். மற்ற சர்க்கரைகள் அந்த வம்சப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டன. வலமா இடமா என்று தெரியாமலேயே, அந்த வரைமுறையைத் தந்த ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர் வலப்பக்கத்தைத் தேர்ந்தார். அந்தத் தேர்வு சரி என்று எக்ஸ் கதிர் ஆய்வு காட்டியது 1951இல்தான். அறுபது ஆண்டுக் காலம் வேதியியல் ஓர் ஊகத்தின் மேல் நின்றிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

புரிந்ததா என்று பார்க்க, மகளை எல்-குளுக்கோஸ் வரையச் சொல்லுங்கள். ஐந்தாம் கார்பனை மட்டும் மாற்றினால் கிடைப்பது எல்-ஐடோஸ் என்ற வேறு சர்க்கரை. டி-குளுக்கோஸில் இரண்டாம் கார்பன் தொடங்கி வலம், இடம், வலம், வலம். கண்ணாடியில் தெரிவதுபோல் நான்கையும் மாற்றி இடம், வலம், இடம், இடம் என்று அவள் வரைய வேண்டும்.