குழந்தைகள் ஏறி ஆடும் கொள்ளையர் கப்பலை மோட்டார் இல்லாமல் செய்ய முடியுமா?

ஆடித் திருவிழாவுக்கும் பிறந்தநாளுக்கும் நாலைந்து பிள்ளைகள் ஆடுகிற சின்னக் கப்பல், சேலத்தில் வெல்டிங் பட்டறையில் கொடுத்துச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. பொருட்காட்சியில் 'கொலம்பஸ்' என்ற பெயரில் ஆடும் பெரிய கப்பலின் குட்டிதான் இது. பெரியதில் கப்பலின் அடிவயிற்றை மோட்டாரில் சுழலும் ஒரு டயர் உரசித் தள்ளும். உங்களுக்குக் கயிறு கட்டி இழுக்க ஒரு பெரியவர் போதும்.

இது ஊசல். கப்பல் தொங்கும் அச்சிலிருந்து எடையின் மையம் 2 மீட்டர் கீழே இருந்தால், ஒருமுறை போய்வரச் சுமார் 2.8 விநாடி. இரண்டு பேர் ஏறினாலும் ஐந்து பேர் ஏறினாலும் அதிக வித்தியாசம் வராது. அந்தத் தாளத்துக்கு இழுத்தால் ஆட்டம் தானாகக் கூடும்.

கவனிக்க வேண்டியது பலம். நேர்க்கீழிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 30 டிகிரி வரை ஆடினால், அடியைக் கடக்கும்போது அச்சு மொத்த எடையைப் போல 1.27 மடங்கு தாங்கும். 60 டிகிரியில் இரண்டு மடங்கு. அதனால் 30 டிகிரியிலேயே நிறுத்துங்கள். தாண்டாதபடி ரப்பர் வைத்த தடுப்பு போடுங்கள். அச்சுக்குப் பிளம்மர் பிளாக் பேரிங் (சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கும் கூட்டுக்குள் இருக்கும் பேரிங்), இரண்டு பக்கமும் 'ஏ' வடிவச் சட்டம். ஆட ஆடச் சட்டத்தைப் பக்கவாட்டில் தள்ளும் என்பதால் அடிக்கால் நீளமாக இருக்கட்டும், அந்தக் காலின் மேலே மணல் மூட்டை. வெல்டிங்கை விவரம் தெரிந்த பொறியாளர் ஒருவர் பார்த்த பிறகே பிள்ளைகளை ஏற்றுங்கள்.

மடிக்கு மேல் பூட்டுக் கம்பி, கப்பல் வரும் பாதையைச் சுற்றி வேலி, இரண்டும் கட்டாயம். வேடிக்கை பார்க்க வந்த வாண்டுக்கும் அடிபடலாம்.

மண்டையோட்டுக் கொடி, பீரங்கி எல்லாம் தெர்மாகோலில் போதும். பொருட்காட்சியில் இருட்டுக் குகைக்குள் வண்டி போகும் வேடிக்கைக்கு அலங்காரம் செய்பவர்களிடம் கேட்டால் அசத்திவிடுவார்கள்.