வந்துபோகும் கதைகள்: ஆன்லைன் கேம் ஈவென்ட்கள் பற்றிக் கேள்வி பதில்

சில நாட்களோ வாரங்களோ மட்டும் இருந்து மறையும் கதை ஈவென்ட்கள் பற்றிப் பலரும் கேட்டிருந்தீர்கள். பல வருடங்களாக இவற்றைத் துரத்தி ஆடியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஈவென்ட் முடிய நான்கு நாள்தான் இருக்கிறது, இப்போதுதான் உள்ளே வந்தேன். எதை முதலில் பிடிப்பது அண்ணா?

கதையைப் பிடியுங்கள் தம்பி. பரிசாகக் கிடைக்கும் ஆயுதமோ உடையோ வேறு ரூபத்தில் மறுபடி வரலாம். அந்தக் காட்சிகள் வருமென்று நம்ப முடியாது. பல கேம்களில் கதை நாளுக்கு ஒரு கட்டமாகத்தான் திறக்கும். கடைசியில் வருபவருக்கு எல்லாமே திறந்திருக்கும் என்பதால் நான்கு நாள் தாராளம். அப்புறம், ஈவென்ட் பக்கத்தில் இரண்டு தேதிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சில கேம்களில் கதை மூடிய பிறகும் பரிசுக் கடை சில நாள் திறந்திருக்கும்.

உழைத்துச் செய்த கதையை ஏன் அழிக்கிறார்கள்? அப்படியே விட்டுவைத்தால் என்ன?

ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பழைய பகுதிகளையும் சோதித்தாக வேண்டும். கேமின் அளவும் ஏறிக்கொண்டே போகும். 2020 நவம்பரில் டெஸ்டினி 2 இந்தக் காரணங்களைச் சொல்லித்தான் சில கிரகங்களையும் 'ரெட் வார்' கதையையும் எடுத்தது. காரணம் எனக்குப் புரிகிறது, மனம்தான் ஏற்கவில்லை. 2017-இல் விலைக்கு வாங்கியவர்கள் முதன்முதலில் ஆடிய கதை அது.

ஒருமுறை போன கதை திரும்பி வந்ததுண்டா?

உண்டு. கில்ட் வார்ஸ் 2-இல் 'லிவிங் வேர்ல்ட்' என்ற தொடர்கதையின் முதல் சீசன் 2013-14-இல் வந்துபோனது. ஸ்கார்லெட் பிரையர் என்ற வில்லி லயன்ஸ் ஆர்ச் நகரத்தையே சிதைத்தது அதில்தான். பிறகு சேர்ந்தவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பிராம், மார்ஜரி, காஸ்மீர் என்ற கதாபாத்திரங்கள் எல்லாரும் பல காலம் தோளோடு தோள் நின்றவர்களைப் போலப் பேசுவார்கள். ஆடுபவருக்கோ அவர்கள் யாரென்றே தெரியாது! 2022-இல் அந்த சீசனை நிரந்தரமாக ஆடும்படி திருத்திக் கொண்டுவந்தார்கள். அடுத்த கதைக்கு அஸ்திவாரமாக இருக்கும் எதையும் தற்காலிகமாக வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. திருவிழா மாதிரிக் கிளைக்கதைகள் வந்துபோகட்டும், பாதகமில்லை.

அப்படியானால் மறைந்தே போக வேண்டிய கதை என்று எதுவுமே இல்லையா?

ஒன்று இருக்கிறது: ஃபைனல் ஃபேன்டஸி 14-இன் முதல் பதிப்பு முடிந்த விதம். அந்தப் பதிப்பு சரியாகப் போகாததால் கேமை அடியோடு மாற்ற முடிவு செய்தார்கள். அதையே கதையாக்கினார்கள். வானத்தில் டாலமுட் என்ற செந்நிற நிலவு மாதக்கணக்கில் பெரிதாகிக்கொண்டே வந்தது. வேறு வேலையாக ஓடும்போது அண்ணாந்து பார்த்தால், போன தடவையைவிடக் கொஞ்சம் அருகில் இருக்கும். 2012 நவம்பர் 11 அன்று சர்வர்கள் மூடப்பட்டன. நிலவு உடைந்து உள்ளிருந்து பகாமுட் என்ற ராட்சத டிராகன் வெளிவரும் காட்சியோடு அந்த உலகம் முடிந்தது. புதிய கேம் 2013 ஆகஸ்டில் வந்தபோது, பழைய வீரர்களின் பாத்திரங்களுக்கு ஒரு பச்சைக்குத்து அடையாளம் இருந்தது. நிஜமாகவே ஓர் உலகம் முடிகிறது என்னும்போது அதைத் திரும்ப ஆட வைப்பது பொருந்தாது.

நாம் ஆடுவதால் கதை உண்மையிலேயே மாறுகிறதா, இல்லை எல்லாம் முன்பே எழுதியதா?

பெரும்பாலும் முன்பே எழுதியதுதான், எப்போது நடக்கும் என்பது மட்டும் நம் கையில். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2006 ஜனவரியில் ஆன்கிராஜ் என்ற பழைய நகரத்தின் கதவுகள் திறந்தது அந்த வகை. ஒவ்வொரு சர்வரிலும் கட்டுத்துணி, உலோகக் கட்டி, தோல், சமைத்த உணவு என்று ஊரே சேர்ந்து குவித்தால்தான் கதவு திறக்கும். புது ஆளும் இருபது கட்டுத்துணி கொண்டுவந்து கொடுக்கலாம், அதுவும் கணக்கில் ஏறும். எனக்கு அந்த ஈவென்ட் பிடித்ததே அதனால்தான்.

நிஜமான தேர்வும் உண்டு. 2024-இல் ஹெல்டைவர்ஸ் 2 வீரர்களுக்கு இரண்டு இலக்குகளைக் கொடுத்தது. ஒன்றைப் பிடித்தால் புதுக் கண்ணிவெடி, இன்னொன்றைப் பிடித்தால் மருத்துவமனையில் சிக்கிய குழந்தைகளுக்கு விடுதலை. வீரர்கள் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். கேமை உருவாக்கியவர்கள் அதை ஒட்டி 'சேவ் த சில்ட்ரன்' அமைப்புக்கு நன்கொடையும் கொடுத்தார்கள்.

தவறவிட்டதை யூடியூபில் பார்த்தால் போதுமா?

கேமைப் பொறுத்தது. 2019 அக்டோபர் 13 அன்று ஃபோர்ட்நைட்டின் ஆடுகளம் முழுவதையுமே ஒரு கருந்துளை விழுங்கியது. அங்கே ஆடுபவரும் பார்வையாளர்தான், அதனால் வீடியோவில் முக்கால்வாசி கிடைத்துவிடும். அடுத்து என்ன என்று தெரியாமல் 15-ஆம் தேதி வரை அந்தக் கருவட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் வீடியோவில் வராது.

அவசரத்தில் வசனங்களை எல்லாம் ஸ்கிப் செய்துவிட்டேன். இனி வழி உண்டா?

முதலில் மெனுவில் கதைத் தொகுப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். ஆர்க்நைட்ஸ் போன்ற கேம்களில் பழைய ஈவென்ட் கதைகளை அங்கே மறுபடி படிக்கலாம். இல்லையென்றால் இன்னொருவர் பதிவு செய்த வீடியோதான். அடுத்த ஈவென்டுக்குள் நுழையும்போதே ரெக்கார்டிங்கைப் போட்டுவிடுங்கள்.