"முகவரி பூரணமில்லை" என்று மெசேஜ் வந்தால்...

கேள்வி: பேஸ்புக்கில் பார்த்து 3,490 ரூபாய்க்கு ஒரு ரைஸ் குக்கர் ஓடர் செய்தேன். பார்சல் கொண்டுவந்த தம்பியிடம் காசைக் கொடுத்துவிட்டுப் பிரித்தால், பிள்ளைகள் விளையாடுகிற சைஸில் ஒரு பிளாஸ்டிக் சட்டி! விற்றவரின் நம்பர் இப்போது ஓஃப். அடுத்த கிழமையே "முகவரி பூரணமில்லை, 75 ரூபாய் கட்டவும்" என்று தபாலில் இருந்து வந்தது போல ஒரு மெசேஜ். லிங்கில் கார்ட் நம்பரைப் போட்டுவிட்டேன். ஓடிபி கேட்டபோதுதான் பயந்து நிறுத்தினேன். என்ன செய்வது?
- வாசகி, பொகவந்தலாவை

பதில்: இதைப் படித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம், தங்கச்சி. கார்டின் பின்பக்கம் இருக்கிற வங்கி நம்பருக்கு எடுத்து, கார்டை நிறுத்தச் சொல்லுங்கள். சில வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்காமலே காசை எடுத்துவிடும்.

கொழும்பில் இருக்கும் என் மருமகன் இந்த மெசேஜைக் கேட்டு, "இதையெல்லாம் யார் நம்புவது?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலவாக்கலைப் பக்கம் தபாற்கந்தோரில் 31 வருஷம் இருந்தவன் நான். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக்கு வரும் கடிதத்தில் பெயர், டிவிஷன், தோட்டம், அவ்வளவுதான். வீட்டு இலக்கம் ஏது, தெரு ஏது? ஒரே டிவிஷனில் மூன்று செல்லம்மா இருந்தால் கடிதமும் மூன்று வீடு சுற்றும். பிறந்ததிலிருந்தே பூரணமில்லாத முகவரியோடு வாழ்கிற நமக்கு அந்த மெசேஜ் பொய் என்று தோன்றுமா? ஆனால் முகவரியைத் திருத்தித் தருகிறோம் என்று தபால் திணைக்களம் லிங்க் அனுப்பிக் காசு கேட்பதில்லை. ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் பொருள் அனுப்பியவருக்கே திரும்பிப்போகும்.

குக்கர் விஷயம் எனக்குப் பழைய கதை. அந்தக் காலத்து வி.பி.பி. பார்சலும் இதேதான், காசைக் கட்டினால்தான் கைக்கு வரும். பிரித்துப் பார்த்தவர்களிடம் திட்டு வாங்கியது பாவம் தபால்காரர். இன்றைக்குக் கூரியர் தம்பி. அவரிடம் சண்டை பிடித்துப் பயனில்லை. கூரியர் கம்பனிக்கு எடுத்து, காசை நிறுத்திவைக்க முடியுமா என்று கேளுங்கள். அனுப்பியவர் கைக்குக் காசு பெரும்பாலும் உடனே போய்ச் சேராது. பிறகு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். காசு திரும்பும் என்று ஆசை காட்ட மாட்டேன். ஆளே காணாமல் போனால் யாரைப் பிடிப்பது?

அடுத்த முறை, பிரித்துப் பார்த்துத்தான் காசு என்று ஓடர் செய்யும்போதே கேளுங்கள். ஹட்டன் கடையில் என்றால் குக்கரை பிளக்கில் குத்தி, லைட் எரிவதைக் காட்டித்தான் தருவார்கள். பஸ் காசைக் கூட்டினாலும் எனக்கு அதுதான் சரி.

அந்தப் பார்சல் கவரை அடுப்புக்குள் போட்டுவிடவில்லையே? அனுப்பியவரின் பெயரும் கூரியர் இலக்கமும் அதில்தான் இருக்கும். முறைப்பாட்டோடு அதையும் வைத்து அனுப்புங்கள்.