யுரேனியம் சுரங்கத்தை மூடிய பிறகு மரம் நட்டால் நிலம் சரியாகிவிடுமா?

"யுரேனியம் சுரங்கத்தில் வேலை முடிந்ததும் அந்த நிலத்தை எப்படி மீட்கிறார்கள்? குழியை மூடி மரம் நட்டால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சுரங்கப் பகுதிகளில் நிலத்தடி நீர் ஆய்வு செய்வதுதான் என் தொழில். அதனால் என் பதிலில் தண்ணீர்ப் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

மரம் கடைசி வேலை. தோண்ட ஆரம்பிக்கும் முன்பே மீட்புத் திட்டத்தைப் போட்டுவிட வேண்டும். முதலில் அந்த இடத்தை, இருக்கிறபடியே அளந்து பதிவு செய்ய வேண்டும். கிணற்று நீரில் யுரேனியம், ரேடியம், சல்பேட் எவ்வளவு, காற்றில் ரேடான் என்ற கதிரியக்க வாயு எவ்வளவு, ஓடையில் என்ன மீன் இருக்கிறது என்பதையெல்லாம் எல்லாப் பருவத்திலும் பார்க்க வேண்டும். யுரேனியத் தாது உள்ள மண்ணில் இயற்கையாகவே கதிரியக்கம் கொஞ்சம் இருக்கும். முன்பே அளக்காமல் விட்டால், பின்னாளில் தண்ணீர் கெட்டுப்போகும்போது "இது ஆதியிலிருந்தே இப்படித்தான்" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், மறுக்க ஊர்க்காரர்கள் கையில் ஆதாரம் இருக்காது. அந்த அளவையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். கண்காணிப்புக் கிணற்றில் தேங்கிய பழைய நீரை முதலில் இறைத்துக் கொட்டுவோம். அமிலத்தன்மையும் மின்கடத்து திறனும் ஏறி இறங்காமல் ஒரே எண்ணில் நின்ற பிறகுதான் புட்டியை நிரப்புவோம். உலோக ஆய்வுக்கான மாதிரியை வடிகட்டி, சில சொட்டு நைட்ரிக் அமிலம் விடுவோம். இல்லாவிட்டால் கரைந்திருக்கும் உலோகம் புட்டியின் சுவரிலேயே படிந்து, ஆய்வகத்தில் எண் குறைவாகக் காட்டும்.

அடுத்தது கழிவுச் சேறு. திட்டத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. தாதுவை அரைத்து யுரேனியத்தைப் பிரித்தெடுத்த பிறகும், தாதுவில் இருந்த மொத்தக் கதிரியக்கத்தில் சுமார் 85 சதவீதம் சேற்றிலேயே தங்கிவிடும். காரணம் அதிலுள்ள தோரியம்-230, ரேடியம்-226 போன்றவை. தோரியத்தின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 75,000 ஆண்டுகள், ரேடியத்துக்கு 1,600 ஆண்டுகள். ரேடியத்திலிருந்து ரேடான் வாயு வந்துகொண்டே இருக்கும்.

அந்த ரேடானுக்கு அரை ஆயுள் 3.8 நாள்தான். ஆகவே அதை ஒரேயடியாக அடைத்துப் பூட்ட வேண்டியதில்லை, வெளியேறாமல் சில வாரம் தாமதப்படுத்தினாலே பெரும்பகுதி உள்ளேயே சிதைந்துவிடும். இதற்காகத்தான் சேற்றின் மேல் களிமண்ணை அழுத்திப் பரப்புகிறார்கள். ஈரமான களிமண்ணுக்குள் வாயு நகர்வது மிகவும் மெதுவாக நடக்கும். களிமண் காய்ந்து வெடித்தாலோ, ஆழ வேர் விடும் மரம் துளைத்தாலோ அந்தத் தாமதம் போய்விடும். அப்படிப்பட்ட மூடாக்கின் மேல் மரம் நடுவது நல்லதல்ல, கெடுதல். அதனால் மேலே மழை அரிக்காமல் கல் பரப்புவார்கள், அல்லது ஆழம் போகாத புல்லை வளர்ப்பார்கள். அமெரிக்க விதிப்படி இந்த மூடாக்கு கூடுமானவரை 1,000 ஆண்டு, எப்படியும் 200 ஆண்டாவது தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும்.

சேற்றை எங்கே வைப்பது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. 1979 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோவின் சர்ச் ராக்கில் கழிவுக் குட்டையின் மண் கரை உடைந்தது. சுமார் 35 கோடி லிட்டர் கழிவுநீரும் 1,000 டன்னுக்கும் மேலான சேறும் புவர்கோ ஆற்றில் இறங்கின. அந்த ஆற்றை நம்பி ஆடு மாடு வளர்த்தவர்கள் நவஹோ பழங்குடி மக்கள். அவர்கள் பட்ட பாட்டைப் படிக்கும்போது இன்றும் மனம் ஆறுவதில்லை. கரை கட்டித் தேக்குவதைவிட, வெட்டிய குழிக்குள்ளேயே, தரைமட்டத்துக்குக் கீழே சேற்றை வைப்பதுதான் சரி என்பது என் கருத்து. ஆஸ்திரேலியாவின் ரேஞ்சர் சுரங்கத்தில் அப்படித்தான் விதித்திருக்கிறார்கள். சேறு குழிக்குள் போக வேண்டும், 10,000 ஆண்டுகளுக்குச் சுற்றுச்சூழலில் கலக்கக் கூடாது.

தாது இல்லாத பாறைக் கழிவிலும் ஆபத்து உண்டு. அதில் பைரைட் என்ற கந்தகம் கலந்த இரும்புக் கனிமம் இருந்தால் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலம் உண்டாகும். அமிலம் யுரேனியத்தையும் மற்ற உலோகங்களையும் கரைத்து ஓடைக்குக் கொண்டுபோகும். ஆகவே தோண்டும்போதே இந்தப் பாறையைத் தனியாகக் குவித்துவிட வேண்டும், கலந்த பிறகு பிரிப்பது நடக்காத காரியம். ஜெர்மனியின் ரோனபர்க்கில் லிக்டன்பெர்க் குழியை நிரப்பியபோது, அமிலம் அதிகம் உண்டாக்கும் பாறையை அடியில், நிலத்தடி நீர் திரும்ப ஏறி மூழ்கடிக்கும் ஆழத்தில் போட்டார்கள். அங்கே காற்று போகாது, அமிலமும் பெருகாது. அந்த வட்டாரத்தில் 2007-இல் தேசியத் தோட்டக் கண்காட்சியே நடந்தது. ஆனால் அங்கே யுரேனியம் தோண்டிய விஸ்முட் நிறுவனத்தின் பழைய சுரங்கங்கள் எல்லாவற்றுக்குமாக ஜெர்மனி அரசு செலவழித்தது 600 கோடி யூரோவுக்கும் மேல். பூ பூத்த பிறகும் சுரங்க நீரைச் சுத்திகரிக்கும் வேலை தொடர்ந்தது.

அப்புறம் பணம். ரேஞ்சரில் மீட்புச் செலவு 100 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குள் முடியும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தார்கள். தாது அரைப்பு 2021 ஜனவரியில் நின்றது. மறு ஆண்டே மதிப்பீடு 160 முதல் 220 கோடி என்று ஏறியது. சுரங்கம் லாபத்தில் ஓடும்போதே இந்தப் பணத்தை நிறுவனம் தொட முடியாத வைப்பாக அரசு வாங்கி வைக்க வேண்டும், மதிப்பீட்டையும் அவ்வப்போது திருத்த வேண்டும். வருமானம் நின்ற பிறகு கேட்டால் யார் கொடுப்பார்கள்?

நிறுவனம் போன பிறகு யார் பார்ப்பது என்பதையும் திட்டத்திலேயே எழுத வேண்டும். கனடாவின் சஸ்காச்சுவானில் இதற்கென்றே சட்டம் உண்டு. அங்கே கிளஃப் லேக் சுரங்கம் 2002-இல் நின்றது. மாகாண அரசு அந்த நிலத்தை நீண்டகாலப் பராமரிப்புக்கு ஏற்றுக்கொண்டது 2023-இல்தான். இடையில் இருபது ஆண்டு இடிப்பு, மூடாக்கு, நீர்ச் சோதனை. ஒப்படைக்கும்போது, இனி நடக்க வேண்டிய கண்காணிப்புக்கான பணத்தையும் நிறுவனமே கட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது அங்கே விதி.