ஓட்டு வீட்டில் ஒழுகும் இடம்: கூரையை மாற்ற அவசரப்படாதீர்கள்

நாகர்கோவிலில் கல்லூரிக்குப் பக்கத்தில் நண்பர்களோடு பழைய ஓட்டு வீட்டில் இருப்பதாகவும், கட்டிலுக்கு மேலே ஒழுகுவதாகவும், ஓடு முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். தம்பி, அதற்கு முன் ஒன்று செய்யுங்கள்.

சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் கழுக்கோல் (கூரையைத் தாங்கும் சாய்வான மரச்சட்டம்) வழியாகச் சரிந்து வந்து கீழே சொட்டும். நல்ல வெயிலில் கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் புள்ளியாகத் தெரியும் இடங்களில் சாக்பீஸால் குறியிடுங்கள். பெரும்பாலும் ஓடு நகர்ந்திருக்கும், இல்லையென்றால் மரத்து இலை அடைத்துத் தண்ணீர் பின்னோக்கி ஏறியிருக்கும். முகட்டு ஓட்டின் பூச்சு வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

உடைந்த ஓட்டில் சிமெண்ட் அப்ப வேண்டாம், வெயிலில் விரிசல் விட்டுவிடும். ஓட்டின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் ஒரு ஓட்டைக் கையோடு எடுத்துப்போய், பழைய வீட்டுச் சாமான் விற்கும் கடையில் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

மேலே ஏறும் வேலை மட்டும் உங்களுக்கு வேண்டாம். பாசி பிடித்த ஓடு வழுக்கும், ஆளை வைத்தே செய்யுங்கள். நம் மாவட்டத்தில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. மே விடுமுறைக்கு ஊருக்குப் போகும் முன்பே முடித்துவிடுங்கள்.